அபயாம்பாளின் விரல்

மயிலாப்பூரில் ஓவன் வாங்கிய வீடுகளில் அதை ஓவனாக வைத்திருப்பவர்கள் குறைவு. வாங்கின புதிதில் இரண்டு முறை கேக் செய்வார்கள். மூன்றாவது முறை அடி பிடிக்கும், நடு வேகாது. அதற்கப்புறம் அது அலமாரிதான். கதவு அழுத்தமாக மூடும், எறும்பு ஏறாது, வேறென்ன வேண்டும்?

சித்திரக்குளத்துக்குப் பின்தெருவில் சந்திரமௌலி, அபயாம்பாள் தம்பதி வீட்டிலும் அப்படித்தான். மேலே நான்கு கேஸ் அடுப்பு, கீழே கரண்ட்டில் சூடாகும் ஓவன், இரண்டுக்கும் நடுவே பட்டன் வரிசையும் பச்சை எழுத்துக் கடிகாரமும் உள்ள ஒரு கண்ணாடிப் பட்டை. ரேஞ்ச் என்று அதற்குப் பெயர். மகள் ஹம்சினி பெருங்குடி ஆபீஸில் முதல் போனஸ் வாங்கியபோது அம்மாவுக்கென்று ஆசையாக வாங்கிப் போட்டது. எட்டு வருஷத்தில் ஓவனுக்குள் அப்பளக் கட்டும் வடாம் டப்பாவும் பிளாஸ்டிக் முறமும் குடியேறிவிட்டன.

ஆடி மாதம் ஒரு பிற்பகல், நல்ல மழை. அபயாம்பாள் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். அவளுக்கு அறுபத்து மூன்று வயது. மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணயர்வது நாற்பது வருஷப் பழக்கம். ஏ.ஜி. ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற சந்திரமௌலி வாசல் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கருகல் வாசனை வந்து இருவரும் சமையலறைக்கு ஓடினால், முறம் உருகி ஓவன் கம்பிகளில் வழிந்து கிடந்தது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

ஹம்சினி கம்பெனி மெக்கானிக்கை அனுப்பினாள். அவர் வந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பத்துத் தரம் போட்டு, பத்துத் தரம் அணைத்துப் பார்த்தார். இந்தப் பட்டனை யாராவது மூன்று எண்ணும் நேரம் அழுத்திப் பிடித்தால்தான் ஓவன் சூடாகும், தானாக ஆகவே ஆகாது என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

புரட்டாசியில் ஒரு மழை நாள் வடாமெல்லாம் கரியானது. ஐப்பசியில், பழக்கதோஷத்தில் அபயாம்பாள் மறுபடி உள்ளே வைத்திருந்த புது முறமும் போயிற்று. அன்றைக்குப் புகை மாடி வரைக்கும் போய், மேல் போர்ஷனில் குடியிருக்கும் ஷண்முகப்ரியா அலறி அடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஹம்சினி மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். மூன்று பேரும் அபயாம்பாளைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"நான்தான் பண்ணியிருக்கேன்" என்றாள் அபயாம்பாள் தானாகவே. "நேக்கு ஞாபகம் இருக்கு. விரலை வெச்சு அழுத்தினேன். கீக்னு சத்தம்கூடக் கேட்டுது."

அது பொய்யில்லை. அந்த ஞாபகம் அவளிடம் இருந்தது. மழை ஓய்ந்தும் ஓயாத பிற்பகல், ஜன்னல் திரை மெல்ல ஆடுகிறது, அவள் சமையலறையில் நிற்கிறாள், தரை கால்களுக்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, வலது கை ஆள்காட்டி விரல் பட்டனைத் தொடுகிறது, கீக். ஏன் தொட்டாள், எப்போது பாயிலிருந்து எழுந்து போனாள், திரும்பி எப்படி வந்து படுத்தாள் என்பதெல்லாம் இல்லை. விரலும் சத்தமும் மட்டும் துல்லியமாக இருந்தன.

ஹம்சினி ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். இன்றைக்கு என்ன கிழமை என்று அவர் கேட்டார். பயத்தில் வியாழக்கிழமையைப் புதன் என்றாள் அபயாம்பாள். இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், அதுவரை அடுப்பங்கரையில் தனியாக விடாமல் இருப்பது நல்லது என்றார் டாக்டர். ஹம்சினியின் காதில் கடைசி வாக்கியம் மட்டும் விழுந்தது. மயிலாப்பூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அப்பா, அம்மா இருவரும் அடையாறில் தன் பிளாட்டோடு வந்துவிட வேண்டும், சமையலுக்கு ஜானு என்று ஒரு அம்மாள் வருவாள், வருகிற புதன்கிழமை சாமான் ஏற்ற வண்டி வரும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிவு செய்துவிட்டாள். கெட்ட பெண் இல்லை. பயந்த பெண்.

"உனக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்" என்றார் சந்திரமௌலி. அவர் எதற்கும் குறுக்கே நிற்கிற மனிதர் இல்லை. வெள்ளைத் தாளைச் சின்னச் சின்னதாக நறுக்கி, 'கேஸ் மூடியாச்சா?' 'குழாய் மூடியாச்சா?' என்று அழகான கையெழுத்தில் எழுதி, வீடு முழுக்க ஒட்டி வைத்தார். மற்றதையெல்லாம் அபயாம்பாள் தாங்கிக்கொண்டாள். அந்தச் சீட்டுகளைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

மேலே நாலு அடுப்பும் நன்றாகவே எரிந்ததால் ரேஞ்சைத் தூக்கிப் போடாமல் விற்றுவிடுவது என்று ஆயிற்று. சைதாப்பேட்டையிலிருந்து சேட்டு என்பவன் தன் மீன்பாடி வண்டியோடு வந்து, இரண்டு ஆள் பிடித்து ஏற்றிக் கட்டி, தார்ப்பாய் போர்த்தி எடுத்துப் போனான். பட்டன் பட்டையின் பச்சைக் கடிகாரம் இருந்த இடம் இருட்டாக இருந்தது. அபயாம்பாள் வாசல்வரை வந்து, வண்டி திரும்பும்வரை நின்றாள்.

சேட்டு பழைய பிரிட்ஜ், வாஷிங் மிஷின் வாங்கிச் சரி பண்ணி விற்பவன். சரி பண்ணுவது அவன் இல்லை, அவன் மனைவி ரத்னா. கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் மிஷின்களுக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டுகளுக்கு ஈயம் வைத்தவள். கம்பெனி மூடியதும், ஜோன்ஸ் ரோடு பக்கம் ஹவுசிங் போர்டு இரண்டாம் மாடியில் சமையல் ஜன்னல் ஓரமாக ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டாள். அசோக் நகரிலிருந்தும் அடையாறிலிருந்தும் மெக்கானிக்குகள் போர்டை மட்டும் பையில் போட்டுக் கொண்டுவந்து தருவார்கள். அது எந்த வீட்டு மிஷின், அங்கே யார் இருக்கிறார்கள், என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. துண்டுச் சீட்டில் 'ஹீட் இல்லை' 'தண்ணி நிக்கல' என்று இரண்டு வார்த்தை இருக்கும். இந்த ரேஞ்சுக்கு அந்தச் சீட்டும் இல்லை.

ரேஞ்ச் கீழே வண்டியிலேயே இருந்தது. பட்டன் பட்டையோடு சேர்ந்த போர்டு மட்டும் மாடி ஏறி வந்தது. ஓவன் கம்பிகளுக்குப் பதில் ஒரு நூறு வாட் குண்டு பல்பை மாட்டி, கரண்ட் கொடுத்தாள் ரத்னா. பட்டனை அழுத்திப் பிடித்தால் கீக் என்றது, பல்பு எரிந்தது. மறுபடி அழுத்தினால் அணைந்தது. சாயந்திரம் வரை அப்படியேதான்.

"இன்னா மே, ஓகேதானே?" என்றான் சேட்டு, கட்டிலில் சாய்ந்தபடி.

"ஓகேதான். இன்னும் ஒரு நாள் கெடக்கட்டும்."

"ஓகேன்ற, அப்பால இன்னாத்துக்கு கெடக்கணும்? வேளச்சேரி பார்ட்டி நாளைக்கே எத்துக்கினு வான்றான். பேக்கரி வெக்கப் போறானாம்."

"நல்லா கீற பொருள எவனாவது ஊட்ட வுட்டுத் தொரத்துவானா? அந்தம்மா வாசல்ல நின்னு பாத்துக்கினே இருந்துச்சுன்னு நீதானே சொன்ன. ஆசப்பட்ட பொருளக் குடுத்துருக்குதுன்னா எதுனா ஒன்னு கீது."

"மயிலாப்பூர்காரங்க ஊடு மாறிக்கினு போறாங்க மே. அதுக்கு ஒரு கதை கட்டுற பாரு."

"கதையும் இல்ல, ஒன்னியும் இல்ல. புது ஊட்டுக்கு வந்த கொழந்த மொத நாளு அடம் புடிக்காது. நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாள் சனிக்கிழமை. காலையிலிருந்தே தூறல். ஆற்றுப் பக்கமிருந்து ஈரக் காற்று வந்து சுவரெல்லாம் வியர்த்தது. துணி காயவில்லை. பல்பு எரியாமல், போர்டு பேசாமல் மேஜையில் கிடந்தது. ரத்னா ஒரு வாஷிங் மிஷின் போர்டைப் பார்த்து முடித்தாள், வெங்காயம் நறுக்கினாள், அடுப்பில் உலை வைத்தாள். பதினொரு மணி வாக்கில் சோற்றுப் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்தாள். ஆவி எழும்பி, ஜன்னல் காற்றில் வளைந்து, மேஜை மேல் போயிற்று.

கீக்.

ரத்னா திரும்பிப் பார்ப்பதற்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. பானையை அப்படியே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அதன் எதிரே நின்றாள். மேஜைப் பக்கம் யாரும் இல்லை. சேட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் முறத்தால் விசிறி ஆவியை விரட்டினாள். சிறிது நேரத்தில் இன்னொரு கீக், பல்பு அணைந்தது. பானை மூடியைத் தூக்கி வந்து போர்டுக்குக் கிட்டே காட்டினாள். கீக், எரிந்தது.

"தோ பாருயா உன் ஓகேவ" என்றாள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். பட்டன்களின் அடியில் செம்புக் கோடுகள் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தன. அதன் மேல் வெள்ளையாக, காய்ந்து பொருக்கு தட்டிப்போன ஏதோ ஒன்று. நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. ஈயம் வைக்கிற இரும்பைச் சூடாக்கி அதன் முனையால் ஒரு பொருக்கைத் தொட்டாள். பொசுங்கி, மெல்லிசாகப் புகை வந்தது.

சேட்டு வாயில் நுரையோடு உள்ளே எட்டிப் பார்த்தான். "இன்னா மே, தோச சுடுறியா?"

"நானும் அதான் பாக்குறேன். தோச ஓரம் தீஞ்ச வாடதான் இது. உப்பு போட்ட மாவுயா. மழ பேஞ்சா உப்பு ஈரத்த இஸ்துக்கும். ஈரமானா இந்தக் கோடும் அந்தக் கோடும் ஒட்டிக்கும். போர்டு இன்னா நெனைக்கும்? எவனோ பட்டன அமுக்கிக்கினு கீறான்னு நெனைக்கும்."

"தொடச்சு வுட்டா ஆச்சு. பார்ட்டிக்கு போன் போடறேன்."

"இரு நைனா. அந்த ஊட்டுக்கு முதல்ல போடு. தானா பத்திக்கினுதான் வித்தாங்களான்னு கேக்கணும். இல்லன்னா வேற எதுனா கீதான்னு தேடணும்ல."

அவள் தொழில் ரீதியாகக் கேட்க நினைத்தது அவ்வளவுதான். சந்திரமௌலி அன்றைக்கு அலமாரிக்கு அளவெடுக்க ஹம்சினியின் பிளாட்டுக்குப் போயிருந்தார். போனை எடுத்தது அபயாம்பாள்.

"அம்மா, சைதாப்பேட்டைலேர்ந்து பேசறேன். ரேஞ்சு எத்துக்கினு வந்தாரே சேட்டு, அவரு ஊட்டுக்காரி. ஒரு டவுட்டும்மா. அது உங்க ஊட்ல கீறப்போ தானா ஆன் ஆச்சா?"

அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஹலோ?"

"என்ன கேட்டேள்? இன்னொரு தரம் சொல்லுங்கோ."

"தானாம்மா. யாரும் தொடாம. இங்க இப்ப ஆன் ஆச்சு, அதான் கேட்டேன்."

"நீங்க எங்க இருக்கேள்? விலாசம் சொல்லுங்கோ. நான் வரேன்" என்றாள் அபயாம்பாள். அவள் தனியாக ஆட்டோ ஏறி மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஒரு மணிக்குக் குடையும் நனைந்த புடவைத் தலைப்புமாக இரண்டு மாடி ஏறி வந்து நின்றாள். வலது கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு, இடது கையால்தான் எல்லாம் செய்தாள். ரத்னா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கீழே கடையில் கலர் சோடா வாங்கிவரச் சொல்லட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நீங்க குடிக்கறதையே குடுங்கோ" என்றாள் அபயாம்பாள். டீயை வாங்கி, ஆற்றாமல் கையில் வைத்துக்கொண்டு, போர்டையும் பல்பையும் பார்த்தாள். "இதுவா?"

"இதான்மா. பல்பு எரிஞ்சா உங்க ஓவன் எரியுதுன்னு அர்த்தம்."

"இப்ப எரியலையே."

"மழ வுட்டுடுச்சு. சுரண்டுனது ஒரு ஓரந்தான், மிச்ச மாவு அப்படியே கீது, மறுபடி எரியும். குந்துங்க, இன்னொரு தபா சோறாக்கறேன். எப்படியும் ராத்திரிக்கு வேணும்."

அரிசி களைகிற சத்தம் கேட்டது. உலை கொதிக்கிறவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே மேகம் தாழ்ந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கட்டிடங்கள் பாதி கரைந்திருந்தன. ரயில் ஒன்று பாலத்தில் போய்க்கொண்டே இருந்தது, முடிவே இல்லாத மாதிரி. அந்த அறையில் கொதிக்கிற தண்ணீருக்கும் ஜன்னல் மேகத்துக்கும் நடுவே உட்கார்ந்திருந்தபோது, இதுவும் தன் பிற்பகல் தூக்கங்களில் ஒன்றோ என்று அபயாம்பாளுக்குத் தோன்றியது. டீ சுடுவதைப் பார்த்து, இல்லை, முழித்துத்தான் இருக்கிறோம் என்று உறுதி செய்துகொண்டாள்.

"உங்க பேரென்ன?"

"ரத்னாம்மா."

"ரத்னா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நினைச்சுக்காதீங்கோ. இந்த பல்பு எரியலேன்னா, எனக்குப் புத்தி பேதலிச்சிண்டிருக்குன்னு அர்த்தம். வர புதன்கிழமை ஆத்தைக் காலி பண்றோம். முப்பத்தெட்டு வருஷமா இருந்த ஆம். எல்லாம் நான் அடுப்பை ஏத்திட்டு மறந்துபோறேன்னுதான்."

ரத்னா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். "யாரு சொன்னா அப்டி?"

"யாரும் சொல்லலை. நானேதான் சொன்னேன். நான் அழுத்தினது எனக்கு ஞாபகம் இருக்கே. அதை எப்படி இல்லேங்கறது? என் பொண்ணு டாக்டர்ட்ட கூட்டிண்டு போனா. எங்காத்துக்காரர் செவுரெல்லாம் சீட்டு எழுதி ஒட்டிட்டார். நல்ல மனசோடதான் ஒட்டினார். ஆனா ஒவ்வொரு சீட்டைப் பாக்கறச்சேயும், நான் கொஞ்சம் கொஞ்சமா இல்லாமப் போயிண்டிருக்கற மாதிரி இருக்கு. பால் பொங்கறதுக்கு முன்னாடி அணைச்சாக்கூட, நிஜமாவே அணைச்சோமான்னு நாலு தரம் போய்ப் பாக்கறேன்."

அவள் அழவில்லை. அழுகிற கட்டத்தைத் தாண்டி நெடுநாள் ஆகியிருந்தது. ரத்னா மேஜைமேல் கிடந்த போர்டைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ போர்டுகள் பைகளில் வந்து போயிருக்கின்றன. ஒன்றின் பின்னாலாவது இப்படி ஒரு ஆள் நின்றிருந்தாளா என்று அவள் யோசித்ததே இல்லை.

பானை மூடி தடதடத்தது. "வாங்கம்மா, கிட்ட வாங்க. உங்க போனக் குடுங்க, நான் வீடியோ எடுக்கறேன். கைய வயித்தோட சேத்துக் கட்டிக்கங்க. நானும் தொட மாட்டேன். யோவ், நீ வந்து வடி."

சேட்டு துணி பிடித்துப் பானையைச் சாய்த்தான். கஞ்சி கொட்டுகிற சத்தம், வெந்த அரிசி மணம், வெள்ளை வெளேரென்று ஆவி. அது மேஜை மேல் படிந்து நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று.

கீக். பல்பு எரிந்தது.

அபயாம்பாளின் முகம் முழுக்க மஞ்சள் வெளிச்சம். வயிற்றோடு கட்டியிருந்த வலது கையில் ஆள்காட்டி விரல் தானாக வளைந்து, இல்லாத ஒரு பட்டனை அழுத்தியது. ரத்னா அதைப் பார்த்தாள்.

"உங்க வெரலு ஆடுச்சும்மா."

"ஆடித்தா?" கையை விரித்துப் பார்த்தாள். "இந்த சத்தந்தான் ரத்னா. தூங்கிண்டிருக்கறச்சே இந்த சத்தந்தான் கேக்கும். கேட்டவுடனே நான் சமையலுள்ள நின்னுண்டு அழுத்தற மாதிரி தெரியும்."

"சத்தம் நெஜமாவே வந்துதும்மா. யாராவது அமுக்கனாத்தான் அது சத்தம் போடும். யாரோ அமுக்கறாங்கன்னு நம்பிக்கினு போட்டுது. அது உங்க காதுல வுழுந்துது. தூக்கத்துல நீங்க கனா கண்டுகினீங்க."

"யாருமே அழுத்தலையே."

"அதுக்குத் தெரியாதேம்மா."

"எனக்குந்தான் தெரியலை" என்றாள் அபயாம்பாள். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அப்புறம் அழுதாள். மூன்று மாத அழுகை. சேட்டு பானையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். ரத்னா வீடியோவை, 'யாரும் தொடல, ஓவன் தானா ஆன் ஆவுது' என்று ஒரு வரி சேர்த்து, அந்த போனில் ஹம்சினி என்றிருந்த பேருக்கு அனுப்பினாள். அதற்கு அவள் யாரையும் கேட்கவில்லை.

பிறகு, தொழில் கேள்வி பாக்கியிருந்ததால் கேட்டாள். "ஏம்மா, பட்டன் மேல எப்பனா தோச மாவு கொட்டிச்சா? உள்ள பூரா மாவு. உப்பு போட்டது, புளிச்சது. ஒரு தபா கொட்டுனது இல்ல. பல தபா ஊறி எறங்கி கீது."

"தோசை மாவா? நான் அந்தப் பட்டைக் கிட்டயே எதையும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

கொஞ்ச நேரம் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. மறுபடி அழுகிறாள் என்று ரத்னா நினைத்தாள். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை அடுப்பை அலம்பிக் கோலம் போடுவோம். மேடையிலதான், காஞ்ச மாவுல. பங்குனியிலேர்ந்து இந்தத் தோள் தூக்க வரலை. இவர் 'நான் போடறேன் அபயம், நீ உக்காரு'ன்னார். அவர் ஜன்மத்துல கோலம் போட்டதில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டறார், 'பாரு, புள்ளி வெக்கவே வேண்டாம், பட்டனெல்லாம் வரிசையாப் புள்ளி மாதிரியே இருக்கு, சுத்தி சுழிச்சுட்டேன்'ங்கறார். கண்ணாடியில பொடி நிக்கலையாம், மாக்கோலமாப் போட்டுட்டாராம். மாவுக்கு அரிசி ஊற வெச்சு அரைச்சார்னுதான் நான் நினைச்சேன். அவராவது, அரிசி ஊற வெக்கறதாவது. பிரிட்ஜுல இருந்த தோசை மாவுல ஒரு கரண்டி எடுத்துத் தண்ணியை விட்டுக் கரைச்சிருக்கார்."

"வாரா வாரமா?"

"வாரா வாரம். குளிச்சுட்டு, மடியா."

ரத்னாவும் சிரித்துவிட்டாள். தோசை மாவில் நெளிக்கோலம் போட்ட பட்டையை இரண்டு பேரும் மனதுக்குள் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சிரித்தார்கள். அப்போது போன் அடித்தது. ஹம்சினி.

போன் இன்னும் ரத்னாவிடமே இருந்தது. ரத்னா ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

"அம்மா, எங்க இருக்கே? அது யார் வீடு?"

"சைதாப்பேட்டை. சாதம் வடிக்கறதைப் பாத்துண்டிருக்கேன்."

"வீடியோ பாத்தேன். நாலு தடவை பாத்தேன்." குரல் உடைந்தது. "அம்மா, உன்னை நான் எவ்ளோ... டாக்டர்கிட்டல்லாம் கூட்டிண்டு போய்..."

"அழாதேடி. நீ பயந்துட்டே. நானுந்தான் பயந்துட்டேன்."

"புதன்கிழமை வண்டி வேண்டாம்னு சொல்லிடறேன். நீ எங்கயும் வர வேண்டாம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவள் எதையும் அரைகுறையாக விடுகிற பெண் இல்லை. "ஆனா எப்படிம்மா ஆச்சு? எட்டு வருஷம் நன்னாத்தானே இருந்தது. உள்ள ஏதாவது போச்சா? அப்பா ஏதாவது நோண்டினாரா?"

"ஏன், அப்பாவை ஏன் கேக்கறே?"

"இல்லம்மா, இப்பத்தான் யோசிச்சுப் பாக்கறேன். அப்பாவும் கொஞ்ச நாளா சரியில்லை. இன்னிக்கு இங்க வந்து, டேப்பைக் கையில வெச்சுண்டே டேப் எங்கன்னு தேடறார். நேத்து சாவியை மறந்துட்டார். நான் உன்னையே பாத்துண்டிருந்தேன், அவரை கவனிக்கலை. அவரையும் ஒரு தடவை அந்த டாக்டர்கிட்ட..."

அபயாம்பாள் நிமிர்ந்து ரத்னாவைப் பார்த்தாள். சிரிப்பு முகத்தை விட்டுப் போயிருந்தது.

"ஈரமாம்டி" என்றாள். "மழை ஈரம். கடல் காத்து வேற. அதுல போர்டு கெட்டுப்போறதாம். அப்பா அது கிட்டக்கூட வந்ததில்லை."

"நிச்சயமா? அந்த மெக்கானிக் அம்மா பக்கத்துல இருக்காங்களா? அவங்ககிட்ட நான் கேக்கறேன்."

ரத்னா கிண்டி கம்பெனியில் இருந்த பதினோரு வருஷத்தில், பழுதுச் சீட்டில் ஒரு தடவைகூடத் தப்பாக எழுதியதில்லை. ஈரம் மட்டும்தான் காரணம் என்று எழுதி அனுப்பினால் அங்கே அவளைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். மேஜையில் களிம்பும் மாவுமாகப் போர்டு வெட்டவெளிச்சமாகக் கிடந்தது. எதிரே அந்த அம்மாள் கேட்கவுமில்லை, கெஞ்சவுமில்லை. உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

"ஆமாம்மா, நான்தான் பேசறேன்" என்றாள் ரத்னா. "ஈரந்தான். வேற ஒன்னியும் இல்ல. மழைக்கு இப்டி நெறைய வருது. நான் சரி பண்ணி, உள்ள ஈரம் போவாத மாதிரி பூசிக் குடுத்துடறேன். நீங்க எதுவும் மனசுல வெச்சுக்காதீங்க."

"தேங்க்ஸ்ங்க" என்றாள் ஹம்சினி. "அம்மாவை ஆட்டோ ஏத்தி விட்டுடுங்க. இல்ல, வேண்டாம், அவளே வந்துடுவா."

போன் அணைந்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. ரத்னா எழுந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"ரத்னா, உங்களைப் பொய் சொல்ல வெச்சுட்டேன்."

"வுடுங்கம்மா. அய்யாகிட்ட சொல்வீங்களா?"

"மாட்டேன். சொன்னா அன்னிலேர்ந்து அவர் ஒவ்வொரு விளக்கையும் நாலு தரம் அணைச்சுப் பாப்பார். நான் பட்டது போறும். அவர் ஒரு நாள்கூட அதைப் பட வேண்டாம்." குடையை எடுத்துக்கொண்டாள். "ரேஞ்சை எப்ப கொண்டுவந்து வெப்பேள்?"

"திங்கக்கெழம. அவரு பேக்கரிக்காரனுக்கு வேற எதுனா பாத்துக் குடுப்பாரு."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தாப் போறும். இனிமே கோலம் நானே போட்டுக்கறேன், தோள் தேவலையாயிடுத்துன்னு சொல்லிடப் போறேன்."

"தேவலையாம்மா? எங்க, தூக்குங்க பாப்போம்."

அபயாம்பாள் வலது கையை மெல்ல உயர்த்தினாள். இடுப்பைத் தாண்டி ஒரு சாண் வந்தது. அங்கே நின்றுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரற்கடை தூக்கப் பார்த்தாள், வரவில்லை. கையை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு ரத்னாவைப் பார்த்தாள்.

"அடுப்பு இவ்ளோ உசரந்தானே" என்றாள். "இது போறும்."